எழுத்துப் பட்டறைக்குப் போய் உங்கள் குரலைப் பிடிப்பது எப்படி: திருகோணமலைப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கதை, கவிதை எழுதத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் போனபின் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு: "நான் எழுதுறதெல்லாம் எங்கயோ வாசிச்ச மாதிரி இருக்கு." இந்தக் குறையைத் தனியே இருந்து தீர்ப்பது கடினம். இரவல் வரி, எழுதியவரின் காதுக்குச் சொந்த வரி போலவே கேட்கும். வேறு ஆறு பேர் வாசித்தால் அது இரவல் என்று உடனே தெரிந்துவிடும். பட்டறைக்குப் போவது அந்த ஆறு காதுகளுக்காகத்தான். ஆனால் எழுதிய பக்கம் இல்லாமல் போனாலோ, வந்தபின் திரும்ப எழுதாமல் விட்டாலோ எந்தப் பட்டறையாலும் பயன் இல்லை. போகுமுன்னும் போன இடத்திலும் வந்தபின்னும் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறோம்.

1. சேருமுன் நிகழ்ச்சிநிரலைக் கேளுங்கள்

செயலமர்வு, பயிலரங்கு, பட்டறை என்று எந்தப் பெயரில் அறிவித்தாலும் உள்ளே நடப்பது மூன்றில் ஒன்று.

முதலாவது ஒருநாள் நிகழ்வு. மங்கல விளக்கு, வரவேற்புரை, இரண்டு வளவாளர்களின் விரிவுரை, மதியச் சாப்பாடு, சான்றிதழ். மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். எழுதுகிற ஆட்களைத் தெரிந்துகொள்ள இது நல்ல இடம். உங்கள் பக்கத்தை அங்கே ஒருவரும் வாசிக்கப் போவதில்லை, ஆகவே குரல் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவது, வளவாளர் பயிற்சி கொடுத்து அங்கேயே எழுதவைக்கும் ஒன்றிரண்டு நாள் பட்டறை. பேனை ஓடாமல் இருப்பவர்களுக்கு இது உதவும். மூன்றாவது, ஆறு முதல் பத்துப் பேர் வட்டமாக இருந்து, கிழமைக்கு ஒருமுறையோ இரு கிழமைக்கு ஒருமுறையோ கூடி, ஒவ்வொருவரின் எழுத்தையும் முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்து கதைப்பது. எட்டு அமர்வாவது நடந்தால்தான் இதன் பலன் தெரியும். தெரிவு உங்கள் கையில் இருந்தால் மூன்றாவதுக்குப் போங்கள்.

அறிவித்தலைக் கண்டவுடன் பெயரைக் கொடுத்துவிடாமல் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எத்தனை பேர், எத்தனை அமர்வு, நான் எழுதியதை வளவாளர் வாசிப்பாரா, எப்போது தர வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாக, "திருத்தி எழுதின பிரதியையும் பார்ப்பியளோ?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்லும் பட்டறையை விடாதீர்கள்.

அறிவித்தல் கிடைக்கும் இடங்கள்: உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள கலாசார உத்தியோகத்தரைத்தான் முதலில் காண வேண்டும். பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, வெருகல் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி அலுவலகம் இருக்கிறது. பிரதேச இலக்கிய விழா, அதையொட்டிய போட்டிகள், செயலமர்வுகள் பற்றிய விபரம் அங்கே கிடைக்கும். பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், எழுதும் துறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் திருகோணமலையில்தான் இருக்கிறது என்பது இந்த ஊர்க்காரருக்கு ஒரு வசதி. பொது நூலகத்தின் அறிவித்தல் பலகையையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

2. காலத்தையும் கடைசி பஸ்ஸையும் முதலில் பாருங்கள்

தொடர் பட்டறைகள் இடையில் குலைவதற்குப் பெரும்பாலும் காரணம் நாட்காட்டிதான். ஒக்டோபர் நடுப்பகுதி முதல் ஜனவரி வரை நமக்கு மாரி. வெள்ளம் வந்தால் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து ஆட்கள் பட்டினத்துக்கு வர முடியாது. இரண்டு அமர்வு தவறினால் அந்த ஆள் மூன்றாவதுக்கு வருவதில்லை. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை நடக்கும். வயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது நேரம் இருக்காது. எட்டு அமர்வுத் தொடர் ஒன்றுக்கு ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரையான காலம் பொருந்தும்.

நாளைப் பொறுத்தவரை சனி காலை ரியூசனோடு மோதும், ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலையோடும் தேவாலயத்தோடும் மோதும், வெள்ளி மதியம் ஜும்ஆ. ஞாயிறு பின்னேரம் 2 மணி முதல் 5 மணி வரை பலருக்கும் சரிவரும். நோன்பு மாதத்தில் 5 மணிக்கு முன்னரே முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணியாக்காரர் வீடு போய் நோன்பு திறக்க நேரம் காணாது. போயா நாளில் ஆட்களுக்கு லீவு கிடைக்கும், ஆனால் அரச கட்டடங்கள் பூட்டியிருக்கும். மண்டபத்தை உறுதிப்படுத்தாமல் அந்த நாளைக் குறிக்க வேண்டாம்.

தூர இடத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவையுங்கள். உங்கள் கதையைப் பேசும் முறை மாலைக் கடைசியில் வந்தால், பாதியில் எழும்பி ஓட வேண்டிவரும். முதல் முறையை உங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

3. செலவைக் கணக்குப் பாருங்கள்

அரச அலுவலகங்கள் நடத்தும் செயலமர்வுகளுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. தனியார் நடத்துவதற்கும் இணையவழித் தொடர்களுக்கும் கட்டணம் இருக்கும். கட்டுமுன் வளவாளர் உங்கள் எழுத்தில் எத்தனை பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தருவார் என்று கேளுங்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்தக் குறிப்புக்குத்தான்.

இலவசம் என்றாலும் கைச்செலவு உண்டு. அதில் பெரியது போட்டோக்கொப்பி. 800 சொல் கதை ஒன்று ஏ4 தாளில் மூன்று நான்கு பக்கம் வரும். எட்டுப் பேர் வட்டத்தில் மற்ற ஏழு பேருக்கும் நான்கு பக்கப்படி 28 பக்கம். பக்கத்துக்கு 15 ரூபாய் என்று வைத்தால் 420 ரூபாய். தொடர் முழுவதும் இரண்டு கதையும் ஒரு திருத்தப் பிரதியும் கொடுத்தால் 1,260 ரூபாய். இதனோடு பஸ் காசும் ஒரு சிஆர் கொப்பியும் சேரும். ஆளுக்கொரு பிரதி வேண்டாம், வட்ஸ்அப்பில் பீடிஎஃப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வாசிப்பதற்குப் போதும், வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதக் காணாது. குறைந்தது மூன்று அச்சுப் பிரதியாவது கொடுங்கள், ஒரு பிரதியை இரண்டு மூன்று பேர் பார்க்கலாம்.

இணையவழிப் பட்டறை என்றால் டேட்டாவைக் கணக்கில் எடுங்கள். சூமில் கமராவைத் திறந்து வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 1 ஜீபி அளவில் போகும். பேசும்போது மட்டும் கமராவைத் திறந்தால் மிகவும் குறையும்.

4. ஒரு கோவை தயார் செய்யுங்கள்

விண்ணப்பத்துக்குத் தேசிய அடையாள அட்டைப் பிரதியும் சிறு சுயவிபரமும் கேட்கலாம். அது அரை மணித்தியால வேலை. அதைவிட, உங்களுக்கென்று வைத்திருக்க வேண்டிய கோவை பெரிது. அதற்குள் இருக்க வேண்டியவை: முடிந்த கதை இரண்டு, முடியாமல் நிற்பது ஒன்று, பிடித்த பிறர் எழுத்தில் ஒரு பக்கம் (கையால் பார்த்தெழுதியது). முடியாமல் நிற்கும் கதையை மறைக்காதீர்கள். வளவாளருக்கு உங்களைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான். ஒவ்வொரு பிரதியிலும் திகதி போடுங்கள். பழைய பிரதியை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது.

தட்டச்சு விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். தட்டச்சுக் கடையில் கொடுத்தால் இன்னும் பல இடங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். மற்றவரின் போனில் அது கண்டபடி ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோட்டில் வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். ஏற்கனவே பாமினியில் இருப்பதை எழுத்துரு மாற்றிகளால் மாற்றலாம், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மாற்றியபின் ஒருமுறை முழுவதும் வாசித்துத் திருத்துங்கள். 12 அளவு எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, பக்க இலக்கம், இடப்பக்கம் குறிப்பெழுத ஒன்றரை அங்குல இடம். ஐந்து வரிக்கு ஒருமுறை வரி இலக்கம் போட்டால் "மூண்டாம் பக்கம், பதினைஞ்சாம் வரி" என்று சொல்லிக் கதைக்கலாம், தேடுகிற நேரம் மிச்சம்.

போகுமுன் வாசிப்பும் வேண்டும். நூலகம் என்ற இணையத்தளத்தில் மல்லிகை, ஞானம், ஜீவநதி போன்ற ஈழத்துச் சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து இதழ்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கதையை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் ஊர்த் தமிழ் அச்சில் எப்படியெல்லாம் வந்திருக்கிறது என்பது காதில் விழும்.

5. குரலைத் தேடும் பயிற்சிகள்

வளவாளர் வேறு பயிற்சி தந்தாலும், கீழே உள்ள மூன்றையும் முதல் மூன்று கிழமைக்குள் செய்துவிடுங்கள்.

முதலாவது ஒலிப்பதிவு. ஓர் ஆளை முன்னால் இருத்தி, உங்கள் கதையில் வரும் சம்பவத்தை அவருக்குச் சொல்லுங்கள். போன் ஓரமாகக் கிடந்து பதிவு செய்யட்டும். போனைப் பார்த்துக் கதைத்தால் மேடைத் தமிழ் வந்துவிடும், ஆகவே ஆள் முக்கியம். தங்கச்சியோ மச்சானோ, இடைக்கிடை "பிறகு?" என்று கேட்கிறவராக இருக்க வேண்டும். நான்கு நிமிடம் போதும். பிறகு அதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். நான்கு நிமிடப் பேச்சை எழுத முக்கால் மணித்தியாலம் எடுக்கும். போனின் குரல்வழித் தட்டச்சைப் பாவிக்க வேண்டாம். அது உங்கள் சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும், நீங்கள் தேடுவது அந்த மாறாத சொல்லைத்தான்.

எழுதியதையும் பழைய பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருக்கடலூர்க் கரையில் அப்பாவின் வள்ளம் பிந்தி வந்த ஒரு விடியற்காலையைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். பிரதி இப்படி இருக்கும்:

"அதிகாலைப் பொழுது. ஆதவன் தன் பொற்கதிர்களை நீலக்கடலில் பரப்பிக்கொண்டிருந்தான். அலைகள் கரையை முத்தமிட்டுச் சென்றுகொண்டிருந்தன. கமலா கணவனின் வருகைக்காக ஏக்கத்தோடு காத்துக்கொண்டிருந்தாள்."

அதே ஆள் தங்கச்சிக்குச் சொன்னது:

"விடியப்புறம் நாலரை இருக்கும். வள்ளம் ஒண்டும் வரேல்லை. யாவாரி ரெண்டு தரம் வந்து ஐஸ்பெட்டி மூடியைத் திறந்து பாத்திட்டுப் போட்டான். அம்மா பையை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினா. ஒருத்தரோடயும் கதைக்கேல்லை."

முதலாவதில் ஒரு சொல்கூடத் திருக்கடலூருடையதல்ல. சூரியன் வந்துவிட்டதென்றால் விடிந்துவிட்டது, ஆனால் சம்பவம் இருட்டில் நடக்கிறது. அந்தப் பிழையையும் எழுதினவர் கவனிக்கவில்லை, வரி தானாக வந்துவிட்டது. இரண்டாவதில் ஏக்கம் என்ற சொல்லே இல்லை. யாவாரி ஐஸ்பெட்டியை இரண்டாம் தரம் திறந்து பார்க்கும்போது வாசகருக்குப் பயம் வருகிறது. யாவாரியையும் பையையும் கவனித்த அந்தக் கண்தான் எழுதுகிறவரின் குரல். இதைப் பொது எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்தாலும் அது சாகாது:

"விடியப்புறம் நாலரை. வள்ளம் ஒன்றும் வரவில்லை. மீன் யாவாரி இரண்டு தரம் வந்து ஐஸ்பெட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனான். அம்மா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினா. ஒருவரோடும் கதைக்கவில்லை."

எழுத்துநடை மாறியிருக்கிறது, பார்வை அப்படியே இருக்கிறது. "மாற்றினா" என்பதை மட்டும் பேச்சில் உள்ளபடி விட்டதற்குக் காரணம் உண்டு. அம்மாவைப் பற்றி "மாற்றினாள்" என்று எழுதினால், பிள்ளையின் வாயிலிருந்து தூரப்போய்விடும். கதைசொல்லி அந்தப் பிள்ளை இல்லையென்றால் "மாற்றினாள்" சரி. எந்த இடத்தில் பேச்சை விடுவது, எந்த இடத்தில் எடுப்பது என்பதைச் சொல்லுக்குச் சொல் முடிவெடுக்க வேண்டும். பட்டறையில் அதிக நேரம் செலவழிக்கத் தகுந்த வேலை இதுதான்.

இரண்டாவது பயிற்சி: ஒரே சம்பவத்தை 150 சொல் வீதம் மூன்று பேருக்கு எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்குக் கடிதமாக ஒன்று, கிராம உத்தியோகத்தருக்கு முறைப்பாடாக ஒன்று, யாருக்கும் காட்டாத கொப்பியில் ஒன்று. முறைப்பாட்டில் தேவையில்லாத அலங்காரம் தானாகக் கழன்றுவிடும். அக்காவுக்கு எழுதியதில், சொல்லாமல் விட்டவை தெரியும். மூன்றிலும் திரும்பத் திரும்ப வந்த விபரம் எதுவோ, கதை அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

மூன்றாவது கணக்கெடுப்பு. உங்கள் கதையில் தொடர்ந்து வரும் 20 வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் எழுதுங்கள். எல்லாம் ஆறு, ஏழு என்றே வந்தால் வாசிக்கிறவரின் காது தூங்கிவிடும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் வட்டமிடுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் "இருந்தது", "கொண்டிருந்தான்", "கொண்டிருந்தாள்" என்று ஒரே ஓசை அடுக்கிக்கொண்டு போகும். இருபதில் ஐந்துக்கு மேல் இப்படி முடிந்தால், சிலவற்றைப் பெயர்ச்சொல்லில் முடித்துப் பாருங்கள், சிலவற்றைப் பக்கத்து வாக்கியத்தோடு எச்சமாகச் சேர்த்துப் பாருங்கள். "கொண்டிருந்தான்" வருகிற இடங்களில் பாதி வெறும் இறந்தகால வினையாகவே நிற்கக்கூடியது. "பார்த்துக்கொண்டிருந்தான்" என்ற இடத்தில் "பார்த்தான்" போதுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் போதும்.

6. வட்டத்தில் எப்படி இருப்பது

உங்கள் கதையை நீங்களே வாசிக்க வேண்டாம். இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்தால் தாளில் இல்லாத உணர்ச்சியைக் குரலால் போட்டு நிரப்பிவிடுவீர்கள். அவர் தடக்குகிற இடங்களில் உங்கள் பிரதியில் ஒரு கோடு போடுங்கள். 800 சொல் வாசிக்க எட்டு ஒன்பது நிமிடம். பிறகு மூன்று நிமிடம் அமைதி, அந்நேரம் எல்லோரும் குறிப்பெழுதட்டும். பேச்சு 20 நிமிடம், உங்கள் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம். ஒரு கதைக்கு இப்படி நாற்பது நிமிடம் தேவை. மூன்று மணித்தியால அமர்வில் மூன்று கதைக்கு மேல் எடுத்தால் மூன்றாவதற்குப் பின் வருவதற்கு நியாயம் கிடைக்காது.

எழுதியவர் வாயே திறக்காமல் இருந்து கேட்கும் முறையைப் பல பட்டறைகள் பின்பற்றுகின்றன. விளக்கம் சொல்லி வாதாடும் பழக்கம் உள்ளவருக்கு அது நல்லது. கூச்சம் உள்ளவருக்கு, முக்கியமாகச் சபையில் பேசிப் பழகாத பெண் பிள்ளைகளுக்கு, அது பாரம். அவர்கள் இருக்கும் வட்டத்துக்கு, அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990இல் வகுத்த நான்கு படி முறை பொருந்தும். முதலில் வாசித்தவர்கள் தங்களுக்கு மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். அடுத்து எழுதியவர் தன் கேள்விகளைக் கேட்க வேண்டும். மூன்றாவதாக வாசித்தவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்விகளைக் கேட்க வேண்டும். கடைசியில், "இந்த இடத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கு, சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது படியில்தான் எல்லோரும் இடறுவார்கள். "ஏன் முடிவை இப்பிடிக் குழப்பினனீங்கள்?" என்பது கேள்வி மாதிரி வந்த குற்றச்சாட்டு. "அண்ணன் திரும்பி வந்தாரா இல்லையா என்பது வாசகருக்கு எவ்வளவு தெரிய வேணும் என்று நினைச்சீங்கள்?" என்பது கேள்வி. "சூப்பர்", "அருமை" என்பவற்றை வட்டத்துக்குள் தடை செய்துவிடலாம். எந்த வரி, ஏன் என்று சொல்லாத பாராட்டால் எழுதினவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

நம் மாவட்டத்து வட்டங்களில் இன்னொரு கவனம் வேண்டும். கிண்ணியாப் பிள்ளை "வாப்பா", "உம்மா" என்று எழுதியதை "வாசகருக்கு விளங்காது, அப்பா அம்மா என்று போடுங்கோ" என்று ஒருவரும் சொல்லக் கூடாது. தம்பலகாமத்து வயல் சொல்லுக்கும் இதே நியாயம். விளங்காத சொல்லை எழுதினவரிடம் கேளுங்கள், பிறகு அது சுற்றியுள்ள வரிகளால் தானாக விளங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டால் வாசிப்பு உடையும்.

7. திருத்தி எழுதுதல்

வீட்டுக்கு வந்த அன்றே கதையைத் தொடாதீர்கள். குறிப்புகளை மட்டும் ஒரு கொப்பியில் ஏற்றுங்கள்: வரி இலக்கம், சொன்னது யார், என்ன சொன்னார், நான் என்ன செய்யப்போகிறேன். "நான் என்ன செய்யப்போகிறேன்" என்ற கடைசி நிரலை மூன்று நாளுக்கு வெறுமையாக விடுங்கள்.

மூன்று நாளுக்குப் பின் பார்க்கும்போது ஒரு விதி உதவும். இரண்டு பேருக்கு மேல் ஒரே இடத்தில் தடக்கியிருந்தால் அந்த இடத்தில் பழுது இருக்கிறது. அவர்கள் சொன்ன பரிகாரம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாலும் பழுது உண்மை. பரிகாரத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய ருசியாக இருக்கலாம். வளவாளர் சொன்னாலும் இந்த விதியை மாற்ற வேண்டாம். வளவாளர் சொன்ன வரியை அப்படியே போடுவதுதான் தொடர் பட்டறைகளில் மிகப் பெரிய ஆபத்து. எட்டாவது அமர்வில் எட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். அவர் தந்த வரியைக் கொப்பியில் எழுதிவையுங்கள், கதையில் அந்த இடத்துக்கு உங்கள் வரியைத் தேடுங்கள்.

திருத்தத்துக்கு பத்து நாள் எடுங்கள். இரண்டு கிழமை தாண்டினால் வட்டத்தில் பேசியது மறந்துபோகும், குறிப்புகள் வெறும் சொற்களாகத் தெரியும்.

8. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

தொகுப்பு நூல். பட்டறை முடிவில் எல்லோரின் படைப்பையும் நூலாகப் போடுகிறோம், ஆளுக்கு இவ்வளவு காசு அல்லது இத்தனை பிரதி வாங்க வேண்டும் என்பார்கள். முதல் பிரதியை அச்சில் கண்டுவிட்டால் திருத்துகிற ஆசை போய்விடும். திருத்தப் பிரதியைத்தான் போடுவார்கள் என்று எழுத்தில் உறுதி கிடைத்தால் மட்டும் சம்மதியுங்கள்.

களவு போகும் என்ற பயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுக்கு உண்டு, பதிவு தேவையில்லை. திகதியிட்ட பிரதிகளும் வட்டத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலும் சான்றாக நிற்கும். இந்தப் பயத்தால் பக்கத்தைக் காட்டாமல் வைத்திருப்பதில் நட்டம் உங்களுக்குத்தான். ஆனால் உங்கள் படைப்பை முகநூலில் போடுமுன் கேட்க வேண்டும் என்று முதல் அமர்விலேயே பேசி வையுங்கள்.

துயரத்தைக் கேட்கும் பட்டறை. இங்கே நடக்கும் செயலமர்வுகள் சிலவற்றில் போர், இடப்பெயர்வு, 2004 சுனாமி பற்றியே எழுதச் சொல்வார்கள். எழுத விருப்பமிருந்தால் எழுதுங்கள், அதற்கு ஒருவரின் அனுமதியும் வேண்டாம். ஆயத்தம் இல்லாவிட்டால் "இதை இப்ப எழுதேலாது" என்று சொல்லலாம். மாம்பழம் பொறுக்கியதைப் பற்றியும் எழுதலாம். உங்கள் குரல் துயரத்தில்தான் இருக்கும் என்று முடிவுகட்ட எந்த வளவாளருக்கும் உரிமை இல்லை. எழுதும்போது பிறர் கதை கலந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சின்ன ஊர், தெருவையும் தொழிலையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றையும் மாற்றுங்கள், முடிந்தால் அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள்.

பேச்சுத்தமிழைக் கொட்டுவது. குரல் கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் விபரிப்பு முழுவதையும் பேச்சில் எழுதி, ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுந்தபடி எழுத்தாக்குவார்கள். மூன்று பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியாது. பேச்சின் ஒழுங்கையும் சொல்லையும் எடுத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டலில் சிக்கனமாக இருங்கள்.

9. பட்டறை கிடைக்காவிட்டால் நீங்களே தொடங்குங்கள்

ஐந்து பேர் போதும். நான்குக்குக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் வட்டம் உடையும், எட்டுக்கு மேற்பட்டால் உங்கள் முறை வரப் பல கிழமை ஆகும். வயதும் ஊரும் கலந்திருக்கட்டும், எல்லோரும் ஒரே பாடசாலை மாணவர்களாக இருந்தால் ஒரே புத்தகத்தைத்தான் வாசித்திருப்பார்கள். பொது நூலகத்திலோ பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஓர் அறை கேட்டு ஒரு மாதம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். நோக்கம், திகதிகள், தொடங்கும் முடியும் நேரம், ஆட்கள் எத்தனை, பொறுப்பாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்ததற்கான ஒப்பமும் திகதியும் வாங்கிவாருங்கள்.

வளவாளர் இல்லாத வட்டத்தில் நெறிப்படுத்தும் பொறுப்பு முறைமாறி வரட்டும். அன்று யாருடைய கதை எடுபடுகிறதோ அவர் நெறிப்படுத்தக் கூடாது. நேரம் பார்க்க ஒருவர், குறிப்பெழுத ஒருவர். மூன்று அமர்வுக்கு ஒருமுறை அனுபவமுள்ள எழுத்தாளர் ஒருவரை அழையுங்கள். அவருக்கு வழிச்செலவும் பிளேன்டீயும் கொடுத்து, கதைகளைப் பத்து நாள் முன்னரே அச்சில் சேர்ப்பியுங்கள். அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: உரை வேண்டாம், இந்த மூன்று பிரதிகளிலும் குறிப்பெழுதி வந்தால் போதும்.